அமெரிக்காவில் மகனுடன் தங்கப்போகும் ரயில்வே ஓய்வூதியர் விசா, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை எப்படிக் கவனிக்க வேண்டும்?

கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் 67 வயதான ரயில்வே ஓய்வூதியர். வியாசர்பாடியில் சொந்த வீடு இருக்கிறது. மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகன், கிரீன் கார்டுக்கு ஏற்பாடு செய்கிறேன், இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறார். விசா, ஓய்வூதியம், காப்பீடு ஆகிய மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கேள்வி. நானும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். மகள் நியூ ஜெர்சியில் இருப்பதால் ஆண்டில் சில மாதங்களை நானும் என் மனைவியும் அங்கே கழிக்கிறோம். நான் வழக்கறிஞரோ வரி ஆலோசகரோ அல்லன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. நம்மில் பெரும்பாலோர் விசாவுக்காக மாதக்கணக்கில் அலைகிறோம், பென்ஷன் நின்றுவிடுமோ என்று கவலைப்படுகிறோம், காப்பீட்டை மட்டும் பெட்டி கட்டும் வாரத்தில் மகனோ மகளோ இணையத்தில் பார்த்து வாங்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் குடும்பத்தைக் கடனாளியாக்கக் கூடியது மூன்றில் காப்பீடு ஒன்றுதான். உங்கள் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஊரில் வைத்தியம் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; எந்த விசா என்பது அதிலிருந்து தானாகவே தெரிந்துவிடும்.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது அந்த வசதியின் அருமை நமக்குத் தெரிவதில்லை. ஓய்வு பெறும்போது ஒரு முறை கட்டிய தொகைக்கு, கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுவதும் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் அதற்கான உமீத் என்னும் ரயில்வே மருத்துவ அட்டையைக் காட்டி அமெரிக்காவில் ஒரு மாத்திரைகூட வாங்க முடியாது. சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டமும் கிடையாது, ஏற்கெனவே உள்ள நோய்க்காக யாரையும் மறுக்கக் கூடாது என்ற சட்டத்தின் கீழ் விற்கப்படும் மார்க்கெட்பிளேஸ் காப்பீடும் கிடையாது. பயணிகளுக்கான தனிக் காப்பீடு மட்டுமே கிடைக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் டாக்டரைப் பார்த்தால் இவ்வளவு, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகையை முன்கூட்டியே வரையறுத்து வைத்திருப்பார்கள். பில் அதைத் தாண்டினால் மீதி நம் தலையில் விழும். இரண்டாவது வகையில், நாம் முதலில் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டிய டிடக்டிபிள் தொகை போக, பில்லில் பெரும் பகுதியைப் பாலிசியின் உச்சவரம்பு வரை நிறுவனம் ஏற்கும். முதல் வகைக்குப் பிரீமியம் குறைவு என்பதால் பலர் அதையே வாங்குகிறார்கள். அந்த நாட்டின் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஒரு முறை பார்த்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்கு முக்கியமானது இதைவிட நுணுக்கமான இன்னொரு விஷயம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இந்தப் பாலிசிகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. இருக்கும் நோய் திடீரெனத் தீவிரமடைந்தால் மட்டும் தருவோம் என்று சில பாலிசிகளில் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். முன்னறிகுறி எதுவும் இல்லாமல் வந்திருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், விமானம் ஏறுவதற்கு முன் நோய் கட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனைகள் வரும். பல பாலிசிகளில் 70 வயதானதும் இந்தப் பிரிவின் கீழ் தரும் தொகை வெகுவாகக் குறைந்துவிடும், அல்லது பிரிவே இருக்காது. உதாரணமாக, உங்கள் மனைவிக்கு இரண்டு வாரங்களாகச் சர்க்கரை மெல்ல ஏறி, கால் வீங்கி, அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தால், அந்தச் செலவு எந்தப் பாலிசியிலும் அநேகமாக வராது. நெஞ்சுவலி என்று நள்ளிரவில் ஓடினால் வரலாம், அதுவும் வரம்புக்குள். அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்திலிருந்து மீட்க வேண்டும் என்று 1986-இல் வந்த சட்டம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே வாசலில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பில் மட்டும் பின்னாலேயே மகன் வீட்டு முகவரிக்கு வரும்.

கிரீன் கார்டு வாங்கிவிட்டால் மெடிகேர் கிடைத்துவிடும் என்று மகன்கள் சொல்வது பாதிதான் உண்மை. 65 வயதைக் கடந்த நிரந்தரக் குடியிருப்பாளர், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்த பிறகே பிரீமியம் கட்டி அதில் சேர முடியும். வாழ்நாளில் போதிய காலம் அங்கே வேலை செய்து வரி கட்டியவர்களுக்குத்தான் அதன் ஆஸ்பத்திரிப் பகுதி இலவசம். நாம் அந்தக் கணக்கில் வரமாட்டோம். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மார்க்கெட்பிளேஸ் காப்பீடு வாங்கலாம். ஸ்டென்ட்டைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பது அதில் உள்ள பெரிய நன்மை. மாதப் பிரீமியம் எவ்வளவு, அரசு சலுகை கிடைக்குமா என்பதை மகன் வசிக்கும் மாநிலத்தின் விதிப்படி அவரே பார்த்து, எழுத்தில் கணக்குப் போட்டுத் தரட்டும். அந்தக் காகிதம் கைக்கு வருவதற்கு முன் கிரீன் கார்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

இங்கே தனியார் மருத்துவக் காப்பீடு ஏதேனும் வைத்திருந்தால், வெளிநாட்டில்தானே இருக்கப்போகிறோம் என்று அதைக் காலாவதியாக விடாதீர்கள். 2024 ஏப்ரல் முதல் 65 வயதைத் தாண்டியவர்களும் புதிய பாலிசி வாங்கலாம் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதியை மாற்றியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பும் மூன்று ஆண்டுகளாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பாலிசியை விட்டுவிட்டு மறுபடி வாங்கினால் அந்த மூன்று ஆண்டுகள் முதலிலிருந்து தொடங்கும்.

இனி விசா. சாதாரணப் பார்வையாளர் விசாவைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குத் தருகிறார்கள்; அதைப் பார்த்துவிட்டுப் பத்தாண்டும் அங்கே தங்கலாம் என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இறங்கும்போது அதிகாரி முடிவு செய்கிறார், பெரும்பாலும் ஆறு மாதம். அந்தக் கெடு ஐ-94 என்னும் மின்னணுப் பதிவில் இருக்கும். மகன் வீட்டுக்குப் போன அன்றே அதை இணையத்தில் திறந்து பார்த்து, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்து 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டு கடந்தால் பத்து ஆண்டுகளும் மறுபடி நுழைய முடியாது. ஆறு மாதம் அங்கே, ஓரிரு வாரம் இங்கே, மறுபடி ஆறு மாதம் அங்கே என்று போய்வந்தாலும், நீங்கள் உண்மையில் அங்கேயே குடியிருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்பார். குறைந்தது அங்கே தங்கிய அளவுக்காவது சென்னையிலும் இருந்துவிட்டுப் போவது நல்லது.

கிரீன் கார்டைப் பொறுத்தவரை, 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன் பெற்றோருக்காக விண்ணப்பிக்கும்போது ஆண்டுக் கணக்கில் வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாக மனு போட வேண்டும். ஐ-864 என்னும் படிவத்தில் உங்கள் செலவுக்கு நானே பொறுப்பு என்று மகன் எழுதித் தர வேண்டும்; அது வெறும் சம்பிரதாயம் அல்ல, சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கார்டு வந்தபின் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி எழும். முன் அனுமதி இல்லாமல் ஓராண்டைத் தாண்டினால் கார்டையே இழக்க நேரலாம். அதாவது, வியாசர்பாடி வீட்டில் பாதி, மகன் வீட்டில் பாதி என்று வாழ நினைப்பவருக்கு அது பொருந்தாத சட்டை. மேலும், நிரந்தரக் குடியிருப்பாளராக அங்கே நுழைந்த நாளிலிருந்து உங்கள் ரயில்வே ஓய்வூதியம் உட்பட உலக வருமானம் முழுவதையும் அமெரிக்க வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த நேரத்திலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை கொடுக்க வேண்டும். பணிக்கொடைத் தொகையை வைப்பில் போட்டிருக்கும் எவருக்கும் இந்த வரம்பு எட்டாத ஒன்றல்ல.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால், மனைவியின் இதயச் சிகிச்சை பெரம்பூரிலேயே தொடரட்டும் என்று வைத்துக்கொண்டு, பார்வையாளர் விசாவில் ஏப்ரல் இறுதியில் புறப்பட்டு அக்டோபர் தொடக்கத்தில் திரும்புவேன். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்துக்கும் அவர்கள் ஊர்ப் பனிக்கும் ஒருசேரத் தப்பலாம். ஆனால் இங்கே வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டிக்கொள்வீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இருந்து தப்பிக்க என்னிடம் யோசனை இல்லை.

ஓய்வூதியம், நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்பதற்காக நிற்காது. நவம்பரில் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால்தான் நிற்கும். அப்படி நின்றாலும் சான்றிதழ் கொடுத்தபின் நிலுவையோடு வந்துவிடும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் தொடங்கியபோது கைரேகைக் கருவியை நம்பியிருந்தோம். முப்பது ஆண்டுகள் அரமும் சுத்தியலும் பிடித்த கைகளில் ரேகை எங்கே இருக்கும்? நம் ஷாப் ஆட்கள் பலர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் கருவி ஏற்காமல் திரும்பியிருக்கிறார்கள். 2021-இல் முக அடையாள வசதி வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆதார் முக அடையாளச் செயலி, ஜீவன் பிரமாண் செயலி ஆகிய இரண்டையும் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஏற்றி, வெளிச்சம் முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து உட்கார்ந்து, வட்டத்துக்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்டினால் போதும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் எடுக்காது. இதை மகன் வீட்டுக் கூடத்திலிருந்தே செய்யலாம். அது கைகொடுக்காவிட்டால், இந்தியத் தூதரக அதிகாரியோ அங்குள்ள நோட்டரியோ கையெழுத்திட்ட சான்றிதழை அனுப்பவும் விதி இடம் தருகிறது.

இதற்கெல்லாம் அடிப்படை உங்கள் இந்தியக் கைபேசி எண். வங்கியிலும் ஆதாரிலும் பதிந்த எண் ஒன்றாக இருக்கட்டும், ஓ.டி.பி. வெளிநாட்டிலும் வருவதற்கு ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே போட்டு, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாதம் போய்வருபவருக்கு வங்கிக் கணக்கில் மாற்றம் தேவையில்லை. நிரந்தரமாகக் குடியேறினால் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓய்வூதியத்தை அதிலேயே வாங்கலாம். ஆனால் 15-எச் படிவம் கொடுத்து வட்டிக்கு வரிப்பிடித்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் வசதி போய்விடும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் பணம் போடவும் முடியாது.

மூன்றிலும் காலை வாருவது நம் இனிஷியல். ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் கடைசியில், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக என்று மூன்று மாதிரி இருந்தால், காப்பீட்டுக்காரர் முதல் வங்கி வரை ஒவ்வொருவரும் ஒரே ஆள்தானா என்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்னும் பொருளில் எஃப்.என்.யு. என்று அச்சிட்டுவிடுவார்கள். கிரீன் கார்டு மனுவுக்கு மகனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் பலரின் பழைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும் கட்டம் காலியாகவே இருக்கும்; இப்போதே எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவியின் பெயர் பி.பி.ஓ.வில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்றும், ஓய்வூதியக் கணக்கு இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கா என்றும் பார்த்துவிடுங்கள். நமக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றிப் பேச வீட்டில் யாருக்கும் மனம் வராதுதான். ஆனாலும் அவரையும் வங்கிக்கு அழைத்துச் சென்று, அவருடைய பிறந்த தேதி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் 80 வயதில் குடும்ப ஓய்வூதியத்தோடு சேரவேண்டிய 20 விழுக்காட்டுக் கூடுதல் தொகை தானாக வராது, அந்த வயதில் அவர் எந்த ஊரில் இருந்தாலும் அதற்காகத் தனியாக எழுதிப்போட வேண்டியிருக்கும்.