டர்போ காரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் கெட்டுப்போகுமா?

டர்போ இருக்கிறது என்பதற்காகவே கியர்பாக்ஸ் கெடாது. அதற்குச் சுமை டார்க், அதாவது முறுக்குவிசை. டர்போ எஞ்சின் அதைப் பெரும்பாலும் 1,500–2,000 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கொடுத்துவிடும். அதைத் தாங்கும் பெட்டியைத்தான் தயாரிப்பாளர்கள் பொருத்துவார்கள். பல கார்களில் முதல் கியர்களில் எஞ்சின் கணினியே டார்க்கைக் கட்டுப்படுத்தும்.

எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பதுதான் நிஜமான கேள்வி. டார்க் கன்வெர்ட்டர் வகையில் புறப்படும்போது விசையைக் கடத்துவது எண்ணெய். நெரிசலில் ஊர்ந்தாலும் தேய்மானம் குறைவு. என் ஓட்டு அதற்குத்தான். உலர் கிளட்ச் டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், அப்படியில்லை. ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிச் சூடாகும், குளிர்விக்க எண்ணெய் கிடையாது. ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி (டிசிடிக்கு அவர்கள் வைத்த பெயர்) 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கானது. கிளட்ச் எண்ணெயில் இயங்கும் 6 கியர் டிஎஸ்ஜி 350 வரை தாங்கும். சிவிடியில், அதாவது தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வகையில், அந்த பெல்ட் வழுக்குவதுதான் பயம்.

அப்புறம், கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சூட்டில் எண்ணெய் கெடும். கையேட்டில் வேறு கணக்கு இல்லாவிட்டால் 60,000–80,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள்.

ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, டார்க்கை ஏற்றினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் போச்சு. பழைய டர்போ கார் வாங்குவதானால் ரீமேப் செய்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.