லண்டன் பெருந்தீ, 1666: மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "தீ வந்ததால்தான் பிளேக் ஒழிந்தது" என்று யாரும் எழுதாதீர்கள். தவறு. காரணம் கீழே இருக்கிறது.

தீ எங்கே ஆரம்பித்தது?

புட்டிங் லேன் என்ற சந்தில், தாமஸ் ஃபாரினர் என்பவரின் பேக்கரியில். 1666 செப்டம்பர் 2, ஞாயிறு விடிவதற்கு முன். குடும்பம் மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தப்பியது. பயந்துபோய் வெளியே வராத பணிப்பெண் இறந்துபோனாள். அடுப்பைச் சரியாகத்தான் அணைத்தேன் என்று ஃபாரினர் சாதித்தார்.

ஒரு பேக்கரித் தீயில் ஒரு நகரமே எரியுமா?

நல்ல கேள்வி. பெரும்பாலும் மர வீடுகள். மாடிகள் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குறுகிய சந்துகளில் எதிரெதிர் வீடுகள் மேலே கிட்டத்தட்ட உரசிக்கொள்ளும். அந்தக் கோடையில் மழை இல்லாமல் மரமெல்லாம் காய்ந்து கிடந்தது. கிழக்கிலிருந்து பலத்த காற்று. சந்தின் கீழ்க்கோடியில், தேம்ஸ் நதிக்கரைக் கிடங்குகளில் தார், எண்ணெய், சணல், கொழுப்பு. தீ அங்கே போய்ச் சேர்ந்த பிறகு யார் என்ன செய்ய முடியும்?

தீயணைப்புப் படை என்று ஒன்று அப்போது கிடையாது. தோல் வாளிகள், கையால் பீச்சும் குழாய்கள், வீட்டை இழுத்துத் தள்ள நீளமான கொக்கிகள், அவ்வளவுதான். ஊருக்கு நீர் ஏற்றிய சக்கரங்கள் லண்டன் பாலத்தின் பக்கத்தில் இருந்தன. அவையும் முதல் நாளே எரிந்தன. நான்கைந்து நாட்களில் சுமார் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், பழைய செயின்ட் பால் பேராலயம் எல்லாம் போயின.

மேயர் தீயைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனாராமே? அவர்தானே குற்றவாளி?

தாமஸ் பிளட்வொர்த். "இதை ஒரு பெண்ணே அணைத்துவிடுவாள்" என்ற அர்த்தத்தில் கொச்சையாக ஏதோ சொல்லிவிட்டுப் போனது உண்மை. ஆனால் தீயை நிறுத்த இருந்த ஒரே வழி, அதன் பாதையில் உள்ள வீடுகளை இடிப்பது. சொந்தக்காரர் சம்மதிக்காமல் இடிக்கச் சொன்னால், திரும்பக் கட்டும் செலவு மேயர் தலையில் விழலாம்.

பணத்துக்குப் பயந்து ஊரையே எரிய விடலாமா?

விடக்கூடாதுதான். நான் அவருக்கு வக்கீல் இல்லை. ஆனால் அந்த அதிகாலையில் அவர் பார்த்தது சில வீடுகள் எரிவதை மட்டும். முடிவு தெரிந்த நமக்குத் திட்டுவது சுலபம். அன்றே சாமுவேல் பெப்பிஸ் (கடற்படை அதிகாரி, நாட்குறிப்பால் புகழ்பெற்றவர்) அரசரிடம் போய்ச் சொல்லி, இடிக்கும் உத்தரவை மேயரிடம் கொண்டுவந்தார். "இடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், தீ முந்திக்கொள்கிறது" என்று மேயர் புலம்பினாராம்.

அப்படியென்றால் இடித்தும் பயனில்லையே?

கொக்கியால் இடிப்பது மெதுவான வேலை. பிறகு வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள்; இடைவெளி விழுந்தது.

காற்று நின்றதால்தான் தீ அடங்கியது என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார்.

அவர் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி. காற்று தணிந்திராவிட்டால் அந்த இடைவெளிகளைத் தீ தாண்டியிருக்கும். மேயர் விவகாரத்தை இத்துடன் விடுவோம். இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

பெப்பிஸ் சீஸைப் புதைத்தாரா?

ஆமாம். பார்மேசான் சீஸும் ஒயினும். தீயிலிருந்து காப்பாற்ற, தோட்டத்தில் குழி தோண்டி.

தீயில் எலிகள் செத்து பிளேக் ஒழிந்ததுதானே?

இல்லை. 1665இல் உச்சத்துக்குப் போன பிளேக், தீ வருவதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிட்டது. அது மோசமாகத் தாக்கிய ஏழைக் குடியிருப்புகள் பல நகர மதிலுக்கு வெளியே இருந்தன. தீ அங்கே போகவே இல்லை.

மாடு விளக்கை உதைத்ததால் வந்த தீயா இது?

அது சிகாகோ, 1871. பாவம், அந்த மாட்டுக் கதையும் கட்டுக்கதைதான்.

யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று படித்தேன்.

அப்போது பிரான்சோடும் டச்சுக்காரர்களோடும் போர். வெளிநாட்டவர் என்றாலே தெருவில் அடி விழுந்தது. ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி தானே தீ வைத்ததாக ஒப்புக்கொண்டார்; சொன்ன விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆனாலும் அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். தீ பிடித்து இரண்டு நாள் கழித்துத்தான் அவர் லண்டனுக்கே வந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் மீதான குற்றப்பத்திரிகையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஃபாரினர் குடும்பத்தாரும் உண்டு. எனக்கு மேயரைவிட இவர்கள் மேல்தான் கோபம்.

எலிகள் பற்றி...

மேலே இருக்கிறது, படியுங்கள்.

என் கட்டுரையை எழுதித் தருவீர்களா?

மாட்டேன்.

பிறகு ஊரை எப்படிக் கட்டினார்கள்?

வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று 1667இல் சட்டம் போட்டார்கள். சில தெருக்களை அகலப்படுத்தினார்கள். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் புதிய செயின்ட் பால் பேராலயத்தை வடிவமைத்தார். தீயின் நினைவாக ஒரு தூணும் எழுந்தது. உயரம் 202 அடி. பேக்கரி இருந்த இடத்துக்கும் அதற்கும் தூரம் அதே 202 அடி. தீ வைத்தது கத்தோலிக்கர்கள்தான் என்று பழி போடும் வரியை 1681இல் அதில் செதுக்கினார்கள்; நிரந்தரமாக 1830இல்தான் அழித்தார்கள்.

அந்தத் தூணில் ஏறலாமா?

ஏறலாம். 311 படிகள், லிஃப்ட் கிடையாது.