அம்மம்மாவின் சேலைப் போர்வையில் பூஞ்சண மணம், மெஷினில் போடலாமா?

மெஷினில் போட வேண்டாம். பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்தது என்கிறீர்கள். சுழற்சியில் நூலோட்டம் அறுந்து உள்துணி ஒரு பக்கம் உருண்டுவிடும்.

மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் மாரி ஈரம். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை மேல்துணி காய்ந்தாலும் நடு அடுக்கு காயாது. அந்தக் காலத்தில் இதைப் பன்பாயில் (பன் புல்லில் பின்னிய பாய்) விரிப்பார்கள், மார்கழிக் குளிருக்குப் போர்த்துவார்கள், விடிந்ததும் கொடியில் போட்டுவிடுவார்கள். அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்ததில்லை.

1. காலை இளவெயிலில், காற்றோட்டமாக விரியுங்கள்.
2. அப்புறம் நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்திலும் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டாவிட்டால் மட்டும் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது.

கரும்புள்ளி விழுந்திருந்தால் லேசில் போகாது. அதற்காகக் குளோரின் போடாதீர்கள், நைந்த துணி கிழிந்துவிடும்.