மலையில் ஒரு முதல் ராப் ஆல்பம்: வாசகர் கேள்வி – பதில்

தகரக் கூரை போட்ட அறையில் ஒன்பது பாட்டு பதிவு செய்கிறோம். சாயங்காலம் ஆனால் கண்டென்சர் மைக் 'புட் புட்' என்று வெடிக்கிறது. மைக் போய்விட்டதா?
– வாசகர், கோத்தகிரி

மைக் போகவில்லை, ஈரம் ஏறியிருக்கிறது. கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய தகடு மின்னேற்றத்தில்தான் வேலை செய்யும். மேகம் அறைக்குள் வந்தால் அதன்மேல் நீர் படிந்து மின்னேற்றம் கசிகிறது. வெடிப்புச் சத்தம் அதனால்தான். சில்லென்றிருக்கும் மைக்கில் வாயை வைத்துப் பாடினாலும் இதே கதிதான். பாடாத நேரத்தில் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பதிவுக்கு அரை மணி முன்பே வெளியே எடுத்து அறைச் சூட்டுக்குப் பழக்குங்கள். ஹேர் டிரையர் காட்டினால் தகடு கெடும். ஈரம் தீராத வீடென்றால் மின்னேற்றம் தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம். கூரைச் சத்தமும் அதில் குறைவாக விழும்.

அறை எதிரொலியைக் குறைக்கக் கம்பளியை மைக்குக்குப் பின்னால் மட்டும் தொங்கவிடுவது பலர் செய்யும் தவறு. கார்டியாய்டு மைக் எதிரில் வருவதைத்தான் வாங்கும். ஆகவே பாடுபவரின் முதுகுப் பக்கம் இரண்டு கம்பளி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். நடுவில் மூச்சு வெடிப்பைத் தடுக்கும் வலை, அதாவது பாப் ஃபில்டர். பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் வையுங்கள். பல்லவியில் எங்கே அதிகம் கத்துகிறீர்களோ அந்த வரியைப் பாட வைத்து, அது மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் உள்ளீட்டு அளவை) வையுங்கள். முதல் வரியை மெதுவாகச் சொல்லி அளவு வைத்தால் மூன்றாவது வரியிலேயே குரல் கிழியும், அதை மிக்ஸிங்கில் சரிசெய்ய முடியாது. அடியில் 'உம்ம்' என்று ஓடினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எர்த் கோளாறாக இருக்கும்.

ஒன்று முக்கியம். ஜன்னலைக் கம்பளியால் அடைத்துவிட்டு, குளிருக்கு உள்ளே கரிச்சட்டி வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும்.

ஆங்கில ராப் மாதிரி வரிக்கடைசியில் எதுகை வைத்தும் தமிழில் உதைப்பு வரவில்லையே?
– வாசகி, கொடைக்கானல்

கடைசியில் வருவது இயைபு. எதுகை சீரின் இரண்டாம் எழுத்தில். தமிழ்க் காது பழகியது வரித்தொடக்கத்துக்கு. இரண்டையும் பூட்டுங்கள்:

தேயில கிள்ளுற கை
ஓயல, நெறையல பை

'தே', 'ஓ' முதல் தட்டில் விழட்டும், 'கை', 'பை' நான்காவதில். இரட்டைக் குரல் பதிவை (அதையே இரண்டாம் முறை பாடி மேலே சேர்ப்பதை) அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் போடுங்கள். வரி முழுக்கப் போட்டால் சொல் மசமசக்கும். 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு பார், அதாவது நான்கு தட்டு, சுமார் 2.7 நொடி, 16 பார் என்றால் 43 நொடி. 'போய்க்கொண்டிருக்கிறேன்' வாயில் ஆறு துண்டாக உடையும், 'போறேன்' இரண்டுதான். பேச்சு வழக்கு இங்கே வெறும் பாணி இல்லை, கணக்கே அதுதான்.

கீழேயிருந்து பாட வருபவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். 2,100 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நீளமான வரிகளில் மூச்சு வாங்கும். வரி வரியாக வெட்டி ஒட்டிச் சமாளிக்கலாம், ஆனால் மேடையில் அந்தப் பாட்டு காலை வாரிவிடும்.

பழைய சினிமாப் பாட்டில் ஆறு நொடி எடுத்தால் அனுமதி வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், குன்னூர்

தவறு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 'இத்தனை நொடி இலவசம்' என்ற கணக்கே கிடையாது. ஒலிப்பதிவு உரிமையாளரிடம் ஓர் அனுமதி, மெட்டு – வரி உரிமையாளரிடம் இன்னொன்று. மெட்டை நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது தேவையில்லை, இரண்டாவது தேவை. இணையத்தில் வாங்கும் பீட்டிலும் (பாட ஆயத்தமான இசைத் தடத்திலும்) கவனம்: 'லீஸ்' என்றால் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் ஓட்டலாம், அதே பீட் இன்னொருவரிடமும் இருக்கும். எம்பி3 வேண்டாம். டிரம்ஸ், பேஸ் தனித்தனி வேவ் ஃபைல்களாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் குரலுக்கு இடம் ஒதுக்க முடியாது.

எத்தனை பாட்டு? எப்போது ஏற்றுவது?
– வாசகர், கூடலூர்

ஸ்பாட்டிஃபையில் ஏழு பாட்டு அல்லது 30 நிமிடத்துக்கு மேல் இருந்தால்தான் ஆல்பம். குறைந்தால் இ.பி. (சிறு தொகுப்பு) அல்லது சிங்கிள் ஆகிவிடும். வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே, பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரிடம் கொடுத்துவிடுங்கள். பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். அட்டைப்படம் 3000 × 3000 பிக்ஸல். சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸுக்கு (சராசரிச் சத்த அளவு) மேல் அமுக்கி ஏற்றினால் தளமே குறைத்துவிடும், அடியின் துள்ளல்தான் நஷ்டம். வலுவான பாட்டை ஒன்பதாவதாக ஒளித்து வைக்காதீர்கள். முதல் இரண்டுக்குள் போடுங்கள்.