சிராகூசாவின் கல்குழி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன மாசம் நான், வீட்டுக்காரர், மாமியார், ஒம்பது வயசுப் பொண்ணு எல்லாரும் சிசிலி போயிருந்தோம். கட்டானியால கார் எடுத்து ஒரே நாள்ல சிராகூசா, நோட்டோ ரெண்டும் பாத்தோம். டயனீசியஸின் காதுன்னு சொல்ற குகையில, ராஜா மேல ஒளிஞ்சு நின்னு கைதிங்க பேசுறதை ஒட்டுக் கேப்பான்னு பொண்ணுகிட்ட சொன்னேன். கத்திக் கத்தி எதிரொலி கேட்டா, ஒரே குஷி. அந்தக் குவாரிகள்ல ஏதென்ஸ் வீரர்கள் அடைபட்டுச் செத்தது எனக்குத் தெரியும், பயந்துடுவாளேன்னு சொல்லல. நோட்டோவுல எல்லா பில்டிங்கும் ஒரே மாதிரி இருக்குன்னு சிணுங்க ஆரம்பிச்சுட்டா. இந்த மாதிரி ஊர்களைப் பிள்ளைங்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துறது? புத்தகம் ஏதாவது சொல்லுங்க. அடுத்த வருஷம் கிரீட் போகலாமா, சைப்ரஸ் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏதென்ஸ் படை சிராகூசா மேல படையெடுத்து வந்து தோத்ததை எழுதின பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் துசிடிடீஸோட ஏழாம் புத்தகத்தை மறுபடி படிச்சிட்டிருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க கடிதம் வந்திருக்கு, அதான் உடனே எழுதுறேன். நோட்டோ போரடிச்சதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. 1693 நிலநடுக்கத்துல பழைய ஊர் இடிஞ்சு, தள்ளி வேற இடத்துல மொத்தமா புதுசா கட்டின ஊரு அது, ஒரே மாதிரிதான் இருக்கும். பொண்ணு சரியாத்தான் பாத்திருக்கா.

எனக்குக் கோவம் வந்தது குகை விஷயத்துல. ஒட்டுக் கேக்குற ராஜா கதை கட்டுக்கதைங்க. டயனீசியஸ் செத்தது கி.மு. 367ல, குகைக்கு அந்தப் பேரை வச்சது 1608ல அங்க வந்த ஓவியர் காரவாஜ்ஜோன்னு சொல்றாங்க, நடுவுல கிட்டத்தட்ட 2000 வருஷம். அதைப் பிள்ளைக்கு வரலாறு மாதிரி சொல்லிட்டு, அங்கேயே இருந்து அனுபவிச்ச மனுஷங்களைப் பத்தி வாயே திறக்கல. பொய்யைக் கொடுத்து நிஜத்தை ஒளிச்சு வச்சிட்டு, அப்புறம் பிள்ளைக்கு வரலாறு போரடிக்குதுன்னு எனக்கு எழுதுறீங்க. ஏங்க இப்படிப் பண்றோம் நாம எல்லாரும்? பிள்ளைங்க தாங்க மாட்டாங்கன்னு நாமளே முடிவு பண்ணி, வரலாற்றுல இருந்து வலியை எல்லாம் வழிச்செடுத்துட்டு மீதியை ஊட்டுறோம், அது உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கு, துப்பத்தான் செய்வாங்க.

என் பையனை அங்க கூட்டிட்டுப் போனப்ப அவனுக்கு எட்டு வயசு. ஆகஸ்ட் வெயில். ஏதென்ஸ்காரங்களை அடைச்சது கப்புச்சினி பக்கம் இருக்கிற குவாரியிலன்னுதான் வழக்கமா சொல்றாங்க, ஆனா சுத்தி இருக்கிற எல்லாமே ஒரே கல்லை வெட்டி எடுத்த குழிங்கதான், நீங்க பாத்ததுல இப்ப எலுமிச்சை மரமெல்லாம் நிக்குது. அவனைப் பாறைக்குக் கிட்ட கூட்டிட்டுப் போய் உளி வெட்டின வரியில விரலை வச்சுத் தடவச் சொன்னேன். அப்புறம் கையில இருந்த அரை லிட்டர் தண்ணி பாட்டிலைக் காட்டி, பாதிக்குக் கொஞ்சம் மேல விரலை வச்சு, கி.மு. 413ல இங்க 7000 பேருக்குக் குறையாம அடைச்சு வச்சாங்கடா, கூரை கிடையாது, பகல்ல வெயில், ராத்திரி குளிர், எட்டு மாசம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி, அது மாதிரி ரெண்டு மடங்கு தானியம்னு சொன்னேன். வீட்டம்மா என்னை முறைச்சாங்க. பையன் பாட்டிலையே பாத்துட்டிருந்தான், அப்புறம் கேட்டான், "அப்ப அவங்க பாத்ரூம் எங்கப்பா போவாங்க?"

துசிடிடீஸ் அதை எழுதியிருக்கார்! இடம் இல்லாததால எல்லாத்தையும் அங்கேயேதான் செஞ்சாங்க, காயத்துலயும் குளிர்லயும் செத்தவங்க பொணம் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்துது, நாத்தம் தாங்க முடியலன்னு. 2400 வருஷத்துக்கு முந்தி ஒரு பெரிய மூளைக்குத் தோணினது இந்தப் பயலுக்கும் தோணுதேன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவன் பயப்படல, அவங்களைப் பத்தி யோசிச்சான். நீங்க உங்க பொண்ணுகிட்ட பறிச்சது அந்த யோசனையைத்தான்.

பயந்துடுவாளேன்னு நீங்க தயங்கினது பிரியத்துல, அது எனக்குத் தெரியுது. அதுக்கும் அந்தக் கதையிலேயே வழி இருக்கு. ஏதென்ஸ் நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸோட வரிகள் மனப்பாடமா தெரிஞ்சதால சில ஏதென்ஸ்காரங்க பொழைச்சாங்கன்னு பிற்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்றார், சிசிலிக்காரங்களுக்கு அவர் பாட்டுன்னா அவ்வளவு பைத்தியம், விடுதலையாகி ஊருக்குப் போனவங்க அவரையே தேடிப் போய் நன்றி சொன்னாங்களாம். தாகத்தைச் சொல்லிட்டு இதைச் சொல்லுங்க, ராத்திரி நல்லாத் தூங்குவா.

இன்னொண்ணு. நோட்டோவுக்கு நீங்க கார்ல ஏசி போட்டுட்டுப் போனீங்களே, தோத்துப் போன படை பட்டினியோட நடந்து தப்பிக்கப் பாத்தது அந்தத் தெக்குத் திசையிலதான். நோட்டோ பக்கத்துல அசினாரோன்னு ஒரு சின்ன ஆறு. அதுல எறங்கி, மேல இருந்து ஈட்டி வந்து விழ விழ, சேறும் ரத்தமும் கலந்த தண்ணியை ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்கிட்டுக் குடிச்சாங்க. பில்டிங் பாத்து அலுத்த பிள்ளையை அந்தக் கரையில கொண்டு போய் நிறுத்தியிருக்கலாம், வண்டியைத் திருப்புற நேரம்தான் ஆகியிருக்கும்.

புத்தகம் கேட்டிருந்தீங்க. பிள்ளைக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம், அந்த ஏழாம் புத்தகத்தோட கடைசிப் பகுதியை நீங்க படிங்க, உங்க வாயால சொல்லுங்க. கிரீட்டோ சைப்ரஸோ எதுவானாலும் போங்க, ஆனா ஒரு நாளைக்கு ஒரு ஊருதான். மாமியாரை வச்சுக்கிட்டு ஒரே நாள்ல ரெண்டு ஊரு ஏறி இறங்கியிருக்கீங்க, அவங்க முட்டி எப்படி இருக்குன்னு ஒரு வரி கூட எழுதல நீங்க.