அண்ணாச்சி, கப்பலை எங்க இருந்து ஆரம்பிக்க?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் பதினாலு வருடமாக மரக்கப்பல் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். பிழைப்பு வேறு, இது பைத்தியம். பார்த்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் வந்த கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பதில் எழுதிவிட்டேன்.

வள்ளியூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: அண்ணாச்சி, எனக்கு எச்.எம்.எஸ். விக்டரி செய்யணும்னு ஆசை. மர வேலை தெரியாது, ஆனா பொறுமை உண்டு. நேரா அதையே வாங்கிரலாமா?

வேண்டாம் தம்பி. விக்டரி 1765இல் தண்ணீரில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், 104 பீரங்கி, மூன்று பாய்மரம். 1:72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்தாலே நாலடிக்கு மேல் நீளம் வரும். உனக்குப் பொறுமை இருக்கலாம், ஆனால் ஒரு பீரங்கி வண்டியை ஒழுங்காக ஒட்டிவிட்டு அதையே நூறு தடவை செய்வதற்கு வேண்டியது வேறு வகைப் பொறுமை. எனக்குத் தெரிந்து அப்படி ஆரம்பித்தவர்களின் விக்டரி எல்லாம் அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

நீ வள்ளியூர்க்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உவரிக்கோ கூடுதாழைக்கோ போ. இப்போது ஓடுவது பெரும்பாலும் ஃபைபர் வள்ளம்தான், ஆனால் கரையில் எங்கேயாவது ஒரு பழைய மர வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கும். அதைச் சுற்றி வந்து பார். அடியில் ஏரா, அதாவது முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் போகிற அடிமரம், எப்படி ஓடுகிறது, முன்பக்கம், அதாவது அணியம், போகப் போகப் பலகைகள் எப்படி ஒல்லியாகின்றன, உள்ளே வங்கு, அதுதான் விலா எலும்பு, எத்தனை சாண் இடைவெளியில் நிற்கிறது, எல்லாம் கையால் தொட்டுப் பார். பக்கத்தில் நிற்கிற பெரியவரிடம் கேட்டால் தானே சொல்வார், நிறுத்தவே மாட்டார். ஆரம்பத்தில் நம் விரல் தடுமாறுவதை விடப் பெரிய தொல்லை, ஒரு படகு எப்படிச் சேர்கிறது என்று நாம் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதுதான். வெளிநாட்டில் இருக்கிறவன் அதைப் புத்தகத்தில் படிக்கிறான், நமக்கு ஒரு மணி நேர பஸ். அந்த வள்ளத்தையே முதல் மாடலாகச் செய்.

தென்காசியிலிருந்து: பாகமெல்லாம் பெட்டியில வர்ற கிட் வாங்கணுமா, சொந்தமா வெட்டணுமா? கிட்டுலயும் விதவிதமா போட்டிருக்கானே.

உடல் செய்ய மூன்று வழி உண்டு. முழுக்கட்டையைச் செதுக்குவது ஒன்று. பிளைவுட்டில் வெட்டிய குறுக்குச் சட்டங்களை ஏராவில் செருகி அதன்மேல் மெல்லிய பட்டிகளை ஒட்டுவது இரண்டாவது, கிட்டில் வருவது பெரும்பாலும் இதுதான். நிஜக் கப்பல் மாதிரியே ஒவ்வொரு வங்கையும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுவது மூன்றாவது, அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். முதல் கப்பலுக்கு ஒரு பாய்மரம் உள்ள சின்ன கிட் நல்லது, சட்டங்கள் லேசரில் வெட்டி வரும், அளவு தப்பாது. காசு இல்லையென்றால் வள்ளம். அதற்கு ஒரு பிளைவுட் துண்டும் பட்டியும் போதும்.

கோவில்பட்டியிலிருந்து: 1:48, 1:96 என்கிறார்களே, கணக்கு மண்டையில் ஏற மாட்டேங்குது.

உங்கள் ஊர்த் தச்சரிடம் கேட்டால் ஒரே நிமிடம். அங்குலத்துக்கு எட்டு நூல். நிஜக் கப்பலின் ஓர் அடியை மாடலில் ஒரு நூலாக வைத்தால் 1:96. இரண்டு நூலாக வைத்தால் 1:48. நாலு நூல், அதாவது அரை அங்குலம் வைத்தால் 1:24. முப்பதடி வள்ளம் 1:24இல் பதினைந்து அங்குலம் வரும், மேசையில் அடங்கும். சரி, அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா: எங்க வீட்டில் பழைய தேக்குக் கதவு ஒண்ணு கிடக்கு தம்பி. அதை அறுத்துப் பயன்படுத்தலாமா? கிட்டுல லைம்வுட்டுன்னு போட்டிருக்கே, அது எலுமிச்சை மரமா?

அக்கா, எலுமிச்சை இல்லை! நானும் முதலில் அப்படி நினைத்து ஒரு எலுமிச்சைக் கிளையை அறுத்துக் காயவைத்தவன்தான். அது லிண்டன் என்கிற ஐரோப்பிய மரம், நம் ஊரில் கிடையாது.

தேக்கு விஷயத்துக்கு வருவோம். நிஜக் கப்பலுக்குத் தேக்கை மிஞ்சிய மரம் இல்லை. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய டிரின்கோமலி என்ற போர்க்கப்பல் 1817இல் இறங்கியது, இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதக்கிறது. அதன் வரைபடத்தை முதலில் ஏற்றிவந்த கப்பல் வழியில் அமெரிக்கர்களிடம் சிக்கி அழிந்துபோய், திரும்ப ஒரு தடவை வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று, அது தனிக் கதை. ஆனால் மாடலுக்குத் தேக்கு ஒத்துவராது. அதன் ரேகையும் துளையும் பெரிசு. கையளவுக் கப்பலில் அந்த ரேகை, ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்த மாதிரி தெரியும். கதவை விற்றுவிடாதீர்கள், கப்பல் நிற்கிற பீடத்துக்கு அதைவிட நல்ல மரம் கிடைக்காது.

உங்களுக்கு வேண்டியது உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சொப்புச் சாமான் கடைகிற பட்டறையில் மஞ்சக்கடம்புத் துண்டு கேளுங்கள். ரேகை நெருக்கம், கத்திக்கு வெண்ணெய் மாதிரி இறங்கும், நிறமும் இதமான மஞ்சள். அப்புறம் இன்னொன்று, பாய்மரம், பருமல் (பாயைக் கட்டுகிற குறுக்குக் கழி), சின்ன பீப்பாய், இதெல்லாம் உருண்டை வேலை. நாம் உப்புத்தாளால் அரை நாள் தேய்ப்பதை அந்தக் கடசல் பட்டறையில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு விரல்கடை நீளத்துக்குப் பீப்பாய் கேட்டதும் அங்கே ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்டது பத்து, கடைந்து தந்தது பன்னிரண்டு. இரண்டு தொலைந்துபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பால்சா மரத்தை மட்டும் பலகையாகப் போடாதீர்கள், நகம் பட்டால் குழி விழும். சட்டங்களுக்கு நடுவே அடைக்க ஆகும்.

மேலப்பாளையத்திலிருந்து: என்னென்ன கருவி வேணும்? பட்ஜெட் கம்மி.

முனை கூரான கைக்கத்தி, இரும்பு ஸ்கேல், கையால் சுற்றும் சின்ன டிரில், இடுக்கி, 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், இரண்டு டஜன் துணிக் கிளிப். மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம். ஊதுபத்திக் குச்சியைச் சேர்த்து வையுங்கள், மூங்கில்தானே, சின்ன ஆணிக்கும் முளைக்கும் அதுதான்.

தூத்துக்குடியிலிருந்து: பலகை ஒட்ட ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. நடுவில நல்லா உக்காருது, முன்னால போகும்போது ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு அசிங்கமா நிக்குது. என்ன தப்பு?

எல்லாரும் மாட்டுகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தர்ப்பூசணியின் மேல் இருக்கிற கோடுகளைப் பாருங்கள். நடுவில் அகலம், இரண்டு முனையிலும் ஒல்லி. கப்பல் உடலும் அதே மாதிரிதான், நீங்களோ ஒரே அகலமுள்ள பட்டியை முழு நீளத்துக்கும் போடுகிறீர்கள். அது எங்கே போகும்? மேலே ஏறத்தான் செய்யும். ஒரு காகிதத் துண்டை நடுச் சட்டத்தின் வளைவின்மேல் மேலிருந்து ஏரா வரை ஒட்டி நீளத்தை அளங்கள். 90 மில்லிமீட்டர் வருகிறது என்று வைப்போம். 5 மில்லிமீட்டர் பட்டி என்றால் 18 பலகை. அதே மாதிரி அணியத்துக்குப் பக்கத்துச் சட்டத்தை அளந்தால் 54தான் வருகிறது. 18ஆல் வகுத்தால் 3. ஆக ஒவ்வொரு பலகையும் முன்னால் 3 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். எல்லாச் சட்டத்திலும் இப்படி அளந்து பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கணும். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் ஒடுக்காதீர்கள், அப்படி வந்தால் அங்கே ஒரு பலகையைக் குறைத்து, இரண்டு பலகை முடிகிற இடத்தில் ஒன்றாக்கிக்கொள்ளலாம். பின்பக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, அங்கே இடைவெளி விழும், ஆப்பு மாதிரி ஒரு துண்டைக் கூடுதலாகச் செருகுவார்கள்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, அதை நீங்கள் செய்யவில்லை என்று பந்தயம் கட்டுவேன். சட்டங்களின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்தீர்களா? ஒரு பட்டியை ஒட்டாமல் சட்டங்கள்மேல் படுக்கவைத்து, உள்ளேயிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். பட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே தேய்க்கணும், இல்லை ஒட்டு வைத்து உயர்த்தணும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். இதில் மிச்சம் பிடிக்கிற ஒரு மணி நேரம் பிறகு பத்து மணி நேரமாகத் திரும்பி வரும்.

அதே தூத்துக்குடித் தம்பி: பட்டியை வளைச்சா படக்குனு ஒடியுது.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவை. பிறகு தேய்ப்புப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து மெல்ல அழுத்தி வளை, அப்படியே ஒரு சோடா பாட்டிலில் சுற்றிக் கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விடு. ஈரத்தோடு ஒட்டாதே, காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். பட்டியின் தட்டையான முகம் வளைகிற வாட்டத்தில்தான் வளையும், ஒல்லியான ஓரம் வளைகிற வாட்டத்தில் மல்லுக்கட்டினால் ஒடியத்தான் செய்யும்.

நாங்குநேரியிலிருந்து: ஃபெவிகால் நல்லதா, ஃபெவிக்விக்கா?

ஃபெவிகால். ஃபெவிக்விக் கிளிப் போட முடியாத இடத்தில் ஒரு பொட்டு, அவ்வளவே. அது மரத்தில் வெள்ளையாகப் பூக்கும், அந்த இடத்தில் பிறகு வார்னிஷ் சாயம் பிடிக்காது. எந்தப் பசையானாலும் வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள்.

முருகன்குறிச்சியிலிருந்து: கயிறு வேலையைப் பார்த்தாலே பயமா இருக்கு. ஏணி மாதிரி கட்டியிருக்கே, அது எப்படி?

பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்கிற கயிறுகள் தார் பூசியவை, அதனால் கருப்பு அல்லது கரும்பழுப்பு நூல். பாயை ஏற்றி இறக்குகிற கயிறுகள் ஓடுகிறவை, வெளிர் நிறம். இந்த ஒன்றைச் சரியாகப் போட்டாலே பார்க்கிறவர் பாதி ஏமாந்துவிடுவார். எந்த நூலானாலும் ஒரு தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துவிட்டுக் கட்டுங்கள், பிசிறு படிந்துவிடும்.

ஏணிப்படிகள் நிஜத்தில் 13 முதல் 15 அங்குல இடைவெளி, 1:64இல் ஐந்து, ஆறு மில்லிமீட்டர். ஒரு அட்டையில் கோடு போட்டுப் பின்னால் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக் கட்டணும். முடிச்சை இறுக்கி இழுத்தால் இரண்டு ஓரக் கயிறும் உள்ளே வாங்கி உடுக்கை மாதிரி இடுப்பு விழும். இறுக்கவே கூடாது, தொட்டும் தொடாமலும். ஒரு நாளைக்கு பத்துப் படி, அதற்கு மேல் கண் வலிக்கும். பருத்தி நூலாக இருந்தால் சாரல் காலத்தில் ஒரு மாதிரி, அக்னி நட்சத்திரத்தில் ஒரு மாதிரி நிற்கும், பாலியஸ்டர் நூலுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆடிக்காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த வேலையில் உட்கார்ந்தவர் யாரும் என்னைத் திட்டவேண்டாம்.

பாய் கட்டணுமா? என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பெரிய கப்பலுக்கு என் ஓட்டு வேண்டாம் என்பதுதான். 0.2 மில்லிமீட்டர் துணியே 1:72இல் 14 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம், பாய் மாதிரியா இருக்கும், மெத்தை மாதிரி இருக்கும். வள்ளத்துக்கு ஒற்றைப் பாய்தான், அளவும் பெரிசு, அங்கே போடலாம். பழைய வேட்டித் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

ஓட்டப்பிடாரத்திலிருந்து: வ.உ.சி.யின் கப்பலைச் செய்ய ஆசை.

ஆசை நல்ல ஆசை. ஆனால் 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனிக்கு வந்த காலியா, லாவோ இரண்டும் நீராவிக் கப்பல்கள், இந்த மரப்பட்டி வேலையெல்லாம் அதற்குச் செல்லாது. கட்டையில் செதுக்கி மேலே பெயிண்ட் அடிக்கிற வழிதான் பொருந்தும். பாயோடு வேண்டுமென்றால் உங்கள் பக்கத்துத் தோணியைச் செய்யுங்களேன். 1974இல் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் பெரிய கப்பல் எல்லாம் கரைக்கு வர ஆழமில்லாமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கை ஏற்றிப்போனது தோணிகள்தானே. ஓடாவிகள், அதாவது படகு கட்டுகிற தச்சர்கள், அதைக் கண் அளவிலும் அனுபவத்திலும் கட்டினவர்கள், அதனால் கடையில் பிளான் தேடாதீர்கள். நேர் பக்கவாட்டில் ஒன்று, நேர் முன்னால் ஒன்று, நேர் பின்னால் ஒன்று படம் எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் டேப்பில் பிடித்துக்கொண்டால் வரைந்துவிடலாம்.

கடைசியாக ஒரு குசும்புக்காரத் தம்பி: அண்ணாச்சி, உங்க முதல் கப்பல் எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லணும்.

உண்மையைத்தான் சொல்கிறேன். அது ஒரு வள்ளம். வலது பக்கம் முழுவதையும் முதலில் ஒட்டி முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு வந்தேன். ஒரு பக்கப் பலகை மட்டும் இழுத்ததில் ஏரா வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. இப்போது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்டுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த வள்ளம் வாசல் பக்கத்து அலமாரியில் இருக்கிறது, வீட்டுச் சாவியும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பதால் சாவி எப்போதும் அந்தப் பக்கம்தான் கிடக்கும், தேட வேண்டியதில்லை.