வெயில் அடிக்கிறது, ஆனால் கடலில் இறங்காதே என்கிறார்களே?

"ஜனவரியில் ஹவாய் போகிறேன். செயலியில் தினமும் 26 டிகிரி, லேசான தூறல். பிறகு ஏன் கடலில் எச்சரிக்கை?" என்பது உங்கள் கேள்வி.

எச்சரிக்கை பெரிய அலைகளுக்காக. அவை உள்ளூர்ச் சரக்கே இல்லை. வடக்கே அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் பக்கம் வீசும் குளிர்காலப் புயல்கள் கிளப்பியவை. மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து, புயல் எங்கோ இருக்க, இங்கே வெயிலில் வந்து மோதுகின்றன. ஹவாயின் ஓவாஹு தீவில், வடகரையில் வைமியா விரிகுடா கொந்தளிக்கும் அதே நாளில் தெற்கே வைக்கீக்கி பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும்.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்தில் போட்டிருக்கும் வினாடிக் கணக்குதான், அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளிதான், முக்கியம். 2 மீட்டர், 8 வினாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய சில்லறை அலை. அதே 2 மீட்டர், 18 வினாடி என்றால் கதையே வேறு: ஆழம் குறையும் இடத்தில் மளமளவென்று எழும்பும். நடுவில் பத்து நிமிஷம் கடல் அமைதியாகவும் இருக்கும். அதை நம்பிப் பாறையில் நின்று படம் எடுப்பவர்களைத்தான் அடுத்த வரிசை அலை இழுத்துப் போகிறது.

இன்னொன்று, அங்கே பலர் அலையின் உயரத்தைப் பின்பக்கமாக, அதாவது கடல் பக்கமிருந்து, அளப்பார்கள். அவர்கள் சொல்லும் 6 அடி, உங்கள் முன்னால் ஏறக்குறைய 12 அடி!